இல்லறப் பூசலும் சமரசமும்

வழக்கு முடிவது வேறு. சண்டை தீர்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்றே நாம் பல வேளைகளில் எண்ணிவிடுகிறோம். நீதிபதி தீர்ப்புரைத்த அன்றே வழக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் வழக்காடிய இருவரும் வீடு திரும்பிய பிறகு அவர்கள் நெஞ்சிலுள்ள சண்டை தீர்ந்ததா என்பதைத் தீர்ப்பு நமக்குச் சொல்வதில்லை. நிலத்தின் எல்லையைப் பற்றிய வழக்காயின் இதனால் பெருந்தீங்கு விளையாது. வரப்பைப் போட்டுவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே காலத்தைக் கழித்துவிடலாம். குடும்ப வழக்கு அத்தகையதன்று. கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டாலும் அவர்கள் ஒரு குழந்தையின் தந்தையும் தாயுமாக என்றும் இருந்தாக வேண்டும். பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்லியனுப்புவது என்ற வினாக்கள் தீர்ப்புக்கு மறுநாளும் எழும். பத்து ஆண்டுகள் கழித்தும் எழும்.

ஆகவே, குடும்பப் பூசலைத் தீர்ப்பதற்கு வெற்றி தோல்வியை மட்டும் அறிவிக்கும் முறை போதுவதில்லை. இருவரும் பேசி, இருவரும் ஒப்பி, இருவரும் நடத்திக்காட்டக்கூடிய முடிவு ஒன்று வேண்டியிருக்கிறது. அத்தகைய முடிவுக்கு வழி செய்வதே சமரசம். அது யாது, எவ்வாறு நடைபெறுகிறது, எவ்விடத்தில் பயன்படும், எவ்விடத்தில் பயன்படாது என்பவற்றை மாணவ மாணவியருக்கு விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீதிபதி இரு தரப்பையும் கேட்டுச் சட்டப்படி தீர்ப்பளிக்கிறார். இரு தரப்பாரும் சேர்ந்து ஒருவரை நடுவராக ஏற்றுக்கொண்டு அவர் சொல்லும் முடிவுக்குக் கட்டுப்படுவதும் உண்டு. வணிக வழக்குகளில் இது மிகுதி. இவ்விரண்டிலும் முடிவு செய்பவர் வெளியாள். சமரசத்திலோ முடிவு செய்பவர்கள் பூசலிட்ட இருவருமே. அவர்களுக்கிடையே அமர்ந்திருக்கும் சமரசர் என்பவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சிறிதும் கிடையாது. எவர் பக்கம் நியாயம் என்று அவர் உரைப்பதில்லை. இருவரும் பேசுவதற்கு ஏற்ற சூழலை அமைத்து, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும்படி செய்து, பேச்சு உடைந்துபோகாமல் காப்பதே அவர் தொழில். அதிகாரம் இல்லாமையே அவருக்கு வலிமை. தீர்ப்புச் சொல்லப் போகிறவரிடம் மனிதர்கள் வாதாடுவார்கள். தீர்ப்புச் சொல்லாதவரிடம் மனம் திறந்து பேசுவார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இக்கருத்தை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டதன்று. 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்திலேயே, மணமுறிவு முதலியவற்றை வழங்குவதற்கு முன் கணவன் மனைவியை இணக்கப்படுத்த நீதிமன்றம் முயல வேண்டும் என்ற கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. 1976 ஆம் ஆண்டில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் குடும்ப வழக்குகளுக்கெனத் தனிப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில், இருவரும் மனமொப்பி மணமுறிவு கேட்பதற்கும் இந்துத் திருமணச் சட்டத்தில் இடம் செய்யப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் குடும்ப நீதிமன்றச் சட்டம் பிறந்தது. நாம் குடும்ப நல நீதிமன்றம் என்று வழங்குவது இச்சட்டத்தின்படி அமைந்ததே. இதன் 9 ஆவது பிரிவு, வழக்கைத் தொடக்கத்திலேயே இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. இணக்கம் உண்டாகலாம் என்று தோன்றினால் வழக்கை ஒத்திவைக்கவும் அப்பிரிவு இடம் தருகிறது. இச்சட்டத்தின்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை ஒருவர் உரிமையாகக் கேட்க முடியாது. நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். குடும்பத்தார் தம் வாயால் தாமே பேச வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

அடுத்து 1999 ஆம் ஆண்டில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 89 ஆவது பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டு, 2002 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை அது நீதிமன்றங்களுக்கு அளித்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று உரைத்த உச்ச நீதிமன்றம், அவற்றை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்று ஆராய நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. அக்குழு வகுத்த மாதிரி விதிகளை 2005 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எதிர்க்கப் போன வழக்கே சமரசத்துக்கு வழி வகுத்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அந்த 2005 ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கப்பெற்றது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களுக்கு இந்தியாவில் அதுவே முன்னோடி. பின்னர் மாவட்டங்களிலும் இத்தகைய மையங்கள் ஏற்பட்டன. 2013 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு மணமுறிவு வழக்கில், குடும்ப வழக்குகளைத் தொடக்க நிலையிலேயே சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பணித்தது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே வருவோருக்கும் உதவும்படி மையங்களைக் கேட்டுக்கொண்டது. 2023 ஆம் ஆண்டில் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றிற்று. அதன் பிரிவுகளுள் சில அவ்வாண்டு அக்டோபர் 9 ஆம் நாள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன.

இனி, நடைமுறையைப் பார்ப்போம். நீதிபதி ஒரு குடும்ப வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்புகிறார். மையம் ஒரு சமரசரை நியமிக்கிறது. அவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற வழக்கறிஞராக இருப்பார். உச்ச நீதிமன்றத்தின் குழு வகுத்துள்ள பாடத்திட்டத்தின்படி 40 மணி நேரப் பயிற்சி பெற்ற பின்னரே ஒருவர் இப்பணியில் இறங்குகிறார். நீதிமன்ற மையத்தில் நடக்கும் சமரசத்துக்குக் கட்சிக்காரர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அங்கே உயர்ந்த மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே மட்டத்தில் அமர்கிறார்கள்.

முதல் அமர்வில் சமரசர் தம் வேலை இன்னதென்று விளக்குகிறார். நான் நீதிபதி அல்லன். உங்களை வற்புறுத்த மாட்டேன். இங்கே பேசுவது வெளியே போகாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பவை அவர் உரைக்கும் விதிகள். பின் இருவரும் தத்தம் குறையை முறையே கூறுகிறார்கள். அதன்பின் தேவைப்பட்டால் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுகிறார். தனி அமர்வில் ஒருவர் சொன்னதை, அவர் இசைவின்றி மற்றவரிடம் சொல்வதில்லை. இவ்வாறு சில அமர்வுகள் நடந்து இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் வடிக்கப்படுகிறது. இருவரும் கையொப்பமிட்ட அவ்வுடன்படிக்கை நீதிமன்றத்துக்குச் செல்கிறது. நீதிமன்றம் அதை ஆராய்ந்து ஆணையாக்கிவிட்டால், பின்னர் ஒருவர் அதை மீறும்போது மற்றவர் நீதிமன்றத்தை நாடி நிறைவேற்றிக்கொள்ளலாம்.

இணக்கம் ஏற்படாவிட்டால் என்ன ஆகும்? வழக்கு மீண்டும் நீதிபதியிடம் போய்விடும். இணக்கம் ஏற்படவில்லை என்ற ஒன்றைத் தவிர, யார் என்ன சொன்னார், யார் விட்டுக்கொடுக்க மறுத்தார் என்று எதையும் சமரசர் நீதிமன்றத்துக்கு எழுதக் கூடாது. இதனை உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்திருக்கிறது. இந்த இரகசியப் பாதுகாப்பு இல்லையேல் எவரும் மனம் திறந்து பேச மாட்டார். எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. குடும்ப வன்முறையையும் குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் பற்றிய செய்திகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை என்று 2023 ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. சமரசம் நீண்டுகொண்டே போகாதவாறு 120 நாள் என்ற காலவரையையும், இருவரும் இசைந்தால் மேலும் 60 நாள் என்ற நீட்டிப்பையும் அச்சட்டம் வகுத்திருக்கிறது.

பேச்சினால் அப்படி என்னதான் விளையும் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். ஒரு எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். பிரிந்து வாழும் தாய் தந்தையர் இருவரும் பொங்கல் விடுமுறையில் மகன் தம்முடன் இருக்க வேண்டும் என்கிறார்கள். தந்தை, “பொங்கலுக்குப் பையன் என் ஊருக்கு வந்தாக வேண்டும்” என்கிறார். தாயும், “பொங்கலுக்கு அவனை அனுப்ப மாட்டேன்” என்கிறார். இது நீதிபதியிடம் சென்றால், யாருக்கு உரிமை என்றே கேட்க வேண்டியிருக்கும். சமரசர் கேட்கும் வினா வேறு. “பையன் வந்தால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?” என்று தந்தையைக் கேட்கிறார். ஊரில் வயது முதிர்ந்த தாத்தா இருக்கிறார். மாட்டுப் பொங்கலன்று பேரன் கையால் மாட்டுக்கு மாலையிட வேண்டும் என்பது அவர் ஆசை என்று தெரிகிறது. தாயைக் கேட்டால், பொங்கலன்று காலையில் பானை பொங்கும்போது மகன் அருகில் இல்லாமல் தம்மால் அடுப்பு மூட்டவே முடியாது என்கிறார். ஒருவருக்கு வேண்டியது தை முதல் நாள். மற்றவருக்கு வேண்டியது இரண்டாம் நாள். இருவரும் ‘பொங்கல்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு போராடினார்கள். கேட்பது எது, அதன் பின்னாலுள்ள தேவை எது என்று பிரித்தறிவதே சமரசக் கலையின் உயிர். எல்லாப் பூசலும் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் தீர்ந்தவற்றுள் பல, இந்த வினாவைக் கேட்டதனாலேயே தீர்ந்திருக்கின்றன.

“இது நம் ஊர்ப் பஞ்சாயத்துத்தானே? ஆலமரத்தடியில் பெரியவர்கள் கூடிக் குடும்பச் சண்டையைத் தீர்க்கவில்லையா?” என்று சிலர் கேட்பார்கள். ஒற்றுமை உண்டு, வேற்றுமை அதனினும் பெரிது. ஊர்ப் பெரியவர் இரு குடும்பங்களையும் அறிந்தவர். அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. செலவும் அலைச்சலும் குறைவு. இவை நன்மைகள். ஆனால் அங்கே முடிவு சொல்பவர் பெரியவரே. ஊரார் முன்னிலையில் குடும்ப இரகசியம் பேசப்பட்டது. எல்லாவற்றினும் மேலாக, யாருடைய வாழ்வைப் பற்றிப் பேச்சு நடந்ததோ அந்தப் பெண் பல வேளைகளில் அவையில் பேசவில்லை. அவளுக்காக அவள் தந்தையோ தமையனோ பேசினார்.

இந்த வேற்றுமையை நான் ஏட்டில் படித்து உணரவில்லை. பிழை செய்து உணர்ந்தேன். 2011 ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தந்தை வந்து அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டார். அன்று மாலையே தாய் வந்து, அதைக் கொடுக்கக் கூடாது என்றார். இருவரும் பிரிந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவன். ஊரில் எனக்கு மதிப்பு உண்டு. இதைத் தீர்த்துவைப்பது என் கடமை என்று எண்ணினேன். இருவரையும் என் அறைக்கு அழைத்து ஒரு மணி நேரம் அறிவுரை கூறினேன். பிள்ளையின் எதிர்காலத்தைக் கருதிப் பொறுத்துப்போக வேண்டும் என்றேன். அந்த அம்மையாரைக் கணவர் வீட்டுக்குத் திரும்பும்படி சொன்னேன். இருவரும் “சரி ஐயா” என்று கைகூப்பிச் சென்றார்கள். பெரியதொரு காரியம் செய்துவிட்டதாக நான் மகிழ்ந்தேன்.

இரண்டு மாதம் ஆகவில்லை. அம்மையார் மீண்டும் தாய்வீடு சென்றுவிட்டார். பையன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. மறுபடி அவனை அழைத்து வந்த தாய் என்னிடம் கூறினார்: “ஐயா, அன்று நீங்கள் ஒரு மணி நேரம் பேசினீர்கள். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லையே!” நான் மறுமொழி சொல்ல இயலாமல் அமர்ந்திருந்தேன். அவர் சொன்னது உண்மை. நான் சமரசம் செய்யவில்லை, தீர்ப்புச் சொல்லியிருந்தேன். என் வயதுக்கும் பதவிக்கும் அஞ்சி அவர்கள் தலையசைத்தார்கள். அச்சத்தால் பிறந்த இணக்கம் என் அறை வாசலைத் தாண்டியதும் கலைந்துவிட்டது.

பின்னர் அவர்கள் வழக்குச் சமரச மையத்துக்குச் சென்றது. அங்கே நடந்த பேச்சு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. முடிவில் பள்ளிக்கு வேண்டிய அளவு மட்டும் தந்தை வந்து தெரிவித்தார். அவர்கள் மீண்டும் சேர்ந்து வாழவில்லை, பிரிந்திருக்கவே உடன்பட்டார்கள். ஆனால் பையன் அதே பள்ளியில் படிப்பான், பள்ளி நாட்களில் தாயுடனும், வார இறுதியில் தந்தையுடனும் இருப்பான், கட்டணம் தந்தையுடையது, தேர்ச்சி அட்டையை இருவரும் பார்க்க வேண்டும். அந்தக் காலாண்டுத் தேர்ச்சி அட்டையில் பெற்றோர் கையொப்பத்துக்கென ஒரே ஒரு கோடுதான் அச்சிடப்பட்டிருந்தது. பையன் அதன் கீழே அளவுகோல் வைத்து இன்னொரு கோடு போட்டு, இரண்டு கையொப்பங்களோடு கொண்டுவந்து கொடுத்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். சமரசம் என்றால் எப்படியாவது சேர்த்துவைப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. சேர்ந்து வாழ்வதும் சமரசமாகலாம். பகையின்றிப் பிரிவதும் சமரசமாகலாம். பிரிவதென்று இருவரும் முடிவு செய்தாலும், திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. மனமொப்பிய மணமுறிவுக்கு இந்துத் திருமணச் சட்டம் ஆறு மாதக் காத்திருப்பை விதித்திருக்கிறது. சமரச முயற்சிகள் பயனற்றுப்போய், ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு முதலியவை உண்மையாகவே தீர்க்கப்பட்டிருந்தால், தக்க வழக்குகளில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அவ்வாறே, குழந்தையைப் பற்றிப் பெற்றோர் எதை ஒப்புக்கொண்டாலும், அது குழந்தையின் நலனுக்கு உகந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். குழந்தை பங்கிட்டுக்கொள்ளும் சொத்து அன்று.

சமரசம் பயன்படாத இடங்களும் உள்ளன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு குறையுடையதாகும். பேச்சு நடக்க வேண்டுமானால் இருவருக்கும் அஞ்சாமல் பேசும் நிலை வேண்டும். ஒருவர் மற்றவரை அடித்துத் துன்புறுத்தி வந்திருந்தால், ஒரே மேசையில் அமர்த்துவதனால் இருவரும் சமமாகிவிட மாட்டார்கள். எதிரே இருப்பவரின் கண்ணசைவைப் பார்த்தே அஞ்சி நடுங்குகிறவர் எதற்கும் இசைவார். அத்தகைய இசைவு இசைவாகாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதற்கென்றே 2005 ஆம் ஆண்டில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாப்பு ஆணை, குடியிருக்கும் உரிமை, பண உதவி முதலியவற்றை அதன்கீழ் பெறலாம். அடிபட்டு வந்த பெண்ணைப் பார்த்து, “போய்ச் சமாதானமாக இரு” என்பது சமரசத்தின் பெயரால் செய்யும் கொடுமை. திருமணம் சட்டப்படி செல்லுமா என்பது போன்ற வினாக்களும் நீதிமன்றமே விடையளிக்க வேண்டியவை. சொத்தையும் வருமானத்தையும் மறைத்து வைத்துக்கொண்டு பேச வருபவரிடமும் சமரசம் செல்லாது. உண்மையை மறைத்துச் செய்த உடன்படிக்கை மணல்மேல் கட்டிய வீடு.

மாணவ மாணவியரே! உங்களுள் சிலர் வழக்கறிஞராகலாம். சிலர் சமரசராகவும் ஆகலாம். பூசலுள்ள வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிறவர்களும் உங்களிடையே இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெற்றோர் பூசலுக்கு நீங்கள் காரணமல்லர். அதில் ஒரு பக்கம் சேர வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. மனத்துயரை நம்பிக்கைக்குரிய ஆசிரியர் ஒருவரிடம் சொல்லுங்கள். உங்களைக் கேட்ட பிறகு அறிவுரை கூறும் ஆசிரியராக அவர் இருக்கட்டும்.

மற்ற எல்லாருக்கும் ஒரு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை நண்பரோடோ உடன்பிறந்தாரோடோ சண்டை வரும்போது, உங்கள் நியாயத்தைச் சொல்வதற்கு முன், அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். “ஆம், நான் சொன்னது அதுதான்” என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரையில் உங்கள் வாதத்தைத் தொடங்காதீர்கள். முதலில் இது மிகக் கடினமாக இருக்கும். அறுபது வயதைக் கடந்த பின்னும் எனக்கு இது கடினமாகவே இருக்கிறது. ஆயினும் இப்பழக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே கைக்கொண்டவர்களுடைய இல்லங்களில் நீதிமன்றம் வரையில் போகும் பூசல்கள் குறையும் என்று நம்புகிறேன். அப்படியே போக நேர்ந்தாலும், அங்கே சமரசரின் மேசையருகே அமர்ந்து பேசுவதற்கு அவர்கள் கூச மாட்டார்கள்.